வாக்குத்தத்த அட்டையின் முன்வசனமும் பின்வசனமும்

டிசம்பர் 31 இரவு சென்னைத் தேவாலயங்களில் ஆராதனை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன், தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும், வேதவசனம் ஒன்று அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளில் ஆளுக்கு ஒன்று எடுப்பது பல சபைகளில் வழக்கம். அந்த வசனம் அடுத்த டிசம்பர் வரை பீரோ கண்ணாடியிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இருக்கும். வழக்கத்தில் குறை ஒன்றுமில்லை. வசனம் மனதில் பதிய இது நல்ல வழி, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். சிக்கல் அட்டையின் அளவில் இருக்கிறது. அதில் ஒரு வசனத்துக்குத்தான் இடம். அதற்கு முன்னும் பின்னும் வேதத்தில் இருப்பது அதில் ஏறாது. கடவுளைப் பற்றி நம் வீடுகளில் உலவும் தவறான எண்ணங்கள் பலவும் அந்த விடுபட்ட இடத்தில்தான் பிறக்கின்றன.

அதிகம் அச்சாகும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. உங்கள்மேல் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்று கர்த்தர் சொல்லும் இடம். இதை எடுத்தவர், இந்த ஆண்டு வேலை உறுதியாகும், வீட்டுக் கடன் கிடைக்கும், பெண்ணுக்கு வரன் அமையும் என்று எடுத்துக்கொள்கிறார். அமையாவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்று, கடவுள் சொன்ன சொல் தவறிவிட்டார் என்று மனம் கசக்கிறது. அல்லது தன்னிடம்தான் ஏதோ பாவம் இருக்கிறது என்று தன்னையே தோண்டத் தொடங்குகிறார்.

இந்த வசனம், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் வருகிறது. இப்போது பத்தாம் வசனத்தைப் பாருங்கள். பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் உங்களைத் திரும்ப வரப்பண்ணுவேன் என்கிறது. எழுபது வருஷம் என்றால், அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகமாக யாரும் ஊர் திரும்பப் போவதில்லை. ஐந்தாம் வசனம் முதல் ஏழு வரை, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், உங்களைச் சிறைப்பிடித்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது. அதற்கு முந்தின 28-ஆம் அதிகாரத்தைப் பார்த்தால் அனனியா என்ற தீர்க்கதரிசி நிற்கிறான். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் சொன்னவன் அவன். கூட்டம் கேட்க விரும்பிய செய்தியும் அதுதான். அது கர்த்தர் அனுப்பிய வார்த்தை அல்ல என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னவர் எரேமியா. ஆக 29:11 சீக்கிரம் நடந்துவிடும் என்ற உறுதிமொழி அல்ல. நீண்ட காத்திருப்புக்குள் இருப்பவர்களைக் கடவுள் மறக்கவில்லை என்ற செய்தி. வேலை கிடைக்காமல் மூன்றாவது ஆண்டாக அலைகிற பிள்ளைக்கு இந்த இரண்டாவது பொருள்தான் சோறு போடும்.

உபாகமம் 28:13-ம் அப்படியே. வாலாக்காமல் தலையாக்குவார் என்ற வசனம் ஆட்டோ முதுகிலும் கடைக் கல்லாவிலும் இருக்கிறது. அந்த அதிகாரத்தில் முதல் 14 வசனங்கள் ஆசீர்வாதம், 15 முதல் 68 வரை சாபம். இரண்டும் ஒரு முழு ஜனத்தோடு செய்த உடன்படிக்கையின் பகுதி. மழை, விளைச்சல், கால்நடை, அநேக ஜாதிகளுக்குக் கடன் கொடுக்கும் நிலை என்று ஒரு நாட்டின் வாழ்வைப் பேசுகிற இடம் அது. 44-ஆம் வசனத்தில் தலையும் வாலும் இடம் மாறிவிடுகின்றன. முதல் பாதியை மட்டும் தன் கடைக்கு எடுத்துக்கொண்டு மறு பாதியை விட்டுவிட முடியாது.

பொதுத்தேர்வுக்கு முந்தின ஞாயிறு ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜெபிக்கும் பிள்ளைகளுக்கு பிலிப்பியர் 4:13 சொல்லிக்கொடுக்கிறோம். எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு. சொல்லிக்கொடுக்கும்போது 11, 12, 13 மூன்றையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். பவுல் இதை எழுதியது காவலில் கட்டுண்டு இருக்கும்போது. எல்லாவற்றையும் என்று அவர் சொல்வதற்குள் பட்டினியும் குறைவும் அடங்கும். மூன்றையும் மனப்பாடமாக வைத்திருக்கும் பிள்ளை மதிப்பெண் குறைந்த நாளிலும் அந்த வசனத்தைச் சொல்லலாம். 13-ஐ மட்டும் வைத்திருக்கும் பிள்ளை ரிசல்ட் வந்த அன்றே அதைத் தூக்கி எறிந்துவிடுகிறது.

செய்முறை எளிது. ஜனவரி முதல் வாரத்தில், அட்டையில் உள்ள வசனம் இருக்கும் அதிகாரத்தை முழுவதும் ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். யார் யாருக்குச் சொன்னது, எந்த நிலையில் சொன்னது, ஒப்பந்தமா, ஆறுதலா, எச்சரிப்பா என்று பாருங்கள். பிறகு அட்டையின் பின்பக்கம் அதை ஒரே வரியில் எழுதுங்கள். எரேமியா 29 என்றால், ‘சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம், எழுபது வருஷம்’ என்று எழுதினால் போதும். பழைய மொழிபெயர்ப்பு கடினமாக இருந்தால் 1995-ல் வெளியான பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அதே அதிகாரத்தைப் பாருங்கள். கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்கள், சீர்திருத்த சபைகளின் பதிப்பில் 66. எரேமியா இரண்டிலும் உண்டு.

ஒற்றை வசனத்தால் வரும் சேதம் அதிகம் தெரிவது ஆஸ்பத்திரியில். யார் செய்த பாவம் என்ற கேள்வி பெரியாஸ்பத்திரி வார்டிலும் வரும், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வராந்தாவிலும் வரும். சில சமயம் நோயாளியே கேட்பார். பல சமயம் பார்க்க வந்த உறவினர் கேட்பார், ஜெபம் என்ற போர்வையில். யோவான் 9-ல் சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதான். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்றார்கள். இரண்டும் அல்ல என்பது இயேசுவின் பதில். லூக்கா 13-ல் சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரை இயேசுவே எடுத்துப் பேசுகிறார். எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளா? இல்லை என்கிறார். அதோடு நிறுத்தாமல், கேட்டவர்களைப் பார்த்து நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். செத்தவர்களின் கணக்கைப் புரட்டவிடாமல், உயிரோடிருப்பவர்களைத் தங்களைப் பார்க்கச் சொல்கிறார். 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்கு வந்த தொழிலாளிகள். சீலோவாம் பகுதியைச் சென்னையில் பாடம் நடத்தும்போது இதைவிடக் கிட்டத்தில் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2004 சுனாமிக்கும் 2015 வெள்ளத்துக்கும் பிறகு, கடவுள் தண்டித்தார் என்று மேடையில் சொன்னவர்கள் இந்த ஐந்து வசனங்களை முதலில் வாசித்திருக்க வேண்டும்.

பிள்ளையில்லாத பெண்களுக்கு நாம் செய்வது இதைவிடக் கொடுமை. வளைகாப்பிலும் ஞானஸ்நான விருந்திலும், ஆண்டவர் ஏன் உன் கர்ப்பத்தை அடைத்தார் என்று ஜெபித்துப் பார் என அறிவுரை சொல்லும் ஆன்ட்டிகள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். லூக்கா முதலாம் அதிகாரம் 6-ஆம் வசனம் சகரியாவையும் எலிசபெத்தையும் கர்த்தருடைய கட்டளைகளின்படி குற்றமற்று நடந்தவர்கள் என்கிறது. 7-ஆம் வசனம் அவர்களுக்குப் பிள்ளையில்லை என்கிறது. இரண்டையும் லூக்கா பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். அடுத்த முறை யாருக்காவது அறிவுரை சொல்ல நாக்கு எழும்பினால் இந்த இரண்டு வசனங்களையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

பரம்பரைச் சாபம் என்ற பேச்சு யாத்திராகமம் 20:5-ஐப் பிடித்துக்கொண்டு வருகிறது. மூன்றாம் நான்காம் தலைமுறை மட்டும் விசாரிப்பவர் என்ற வரி. அடுத்த வசனத்திலேயே, தம்மில் அன்புகூருகிறவர்களுக்கு ஆயிரம் தலைமுறை மட்டும் இரக்கம் என்று இருக்கிறது. எசேக்கியேல் 18 முழு அதிகாரமும் இந்தக் குழப்பத்துக்கென்றே எழுதினது போல இருக்கும். பிதாக்கள் திராட்சக்காய் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசின என்ற பழமொழியை இனிச் சொல்லாதீர்கள் என்று தொடங்கி, மகன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று 20-ஆம் வசனத்தில் முடிவாகச் சொல்கிறது. தாத்தாவின் பாவத்தை முறிக்கக் கட்டணம் கேட்கும் சிறப்பு ஜெபம் எங்கே நடந்தாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நோயாளியைப் பார்க்கப் போகிறவருக்கு யோபுவின் நண்பர்கள் நல்ல பாடம். முதல் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் சரி. நான்காம் அதிகாரத்தில் வாயைத் திறந்து, நீ ஏதோ செய்திருக்கிறாய் என்று ஆரம்பித்தார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுளுடைய கோபம் அவர்கள்மேல்தான் மூண்டது, புலம்பித் தீர்த்த யோபுவின்மேல் அல்ல.

போகும்போது துணைக்கு இருப்பவரிடம் போனில் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து பேசுங்கள். பத்து நிமிடம் போதும். நோய் எப்படி வந்தது என்று துருவ வேண்டாம். என்னத்துக்காக ஜெபிக்கணும் என்று நோயாளியிடமே கேளுங்கள். ஆபரேஷனைவிட வீட்டில் தனியாக இருக்கும் பிள்ளையைப் பற்றித்தான் அவர் மனம் அலைந்துகொண்டிருக்கலாம். சங்கீதம் 23 ஆறு வசனம், 121 எட்டு வசனம், ஏதாவது ஒன்றை மெதுவாக வாசியுங்கள். ஜெபம் இரண்டு நிமிடத்துக்குள், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில். பொது வார்டில் பாட்டு வேண்டாம். அங்கே படுத்திருப்பவர்கள் எல்லாரும் நம் நம்பிக்கையினர் அல்ல, எல்லாருக்கும் தூக்கம் வேண்டும். விசுவாசம் இருந்தால் எழுந்துவிடுவீங்க என்ற வாக்கியத்தை மட்டும் சொல்லாதீர்கள். அவர் எழுந்திருக்காவிட்டால், நோயோடு விசுவாசக் குறை என்ற பழியையும் சேர்த்துச் சுமப்பார். கிளம்பும்போது துணைக்கு இருப்பவரைக் கீழே அழைத்துப்போய்ச் சாப்பிட வைத்தால் இன்னும் நல்லது.

மருந்தை நிறுத்துவது விசுவாசம் என்ற எண்ணம் உயிரை எடுக்கிறது. இன்சுலினையே நம்பியிருக்கும் முதல் வகைச் சர்க்கரை நோயாளி ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறி மயங்கிவிடலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வரலாம். காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இருமல் நின்றதும் சாட்சி சொல்லிவிட்டு மாத்திரையை விட்டால், அடுத்த முறை அந்த மருந்தே வேலை செய்யாமல் போகலாம். வேதம் மருந்துக்கு எதிரி அல்ல. எசேக்கியா ராஜாவின் புண்ணுக்கு ஏசாயா அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னார். லூக்கா வைத்தியர். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். எபேசுவில் பவுலின் கையால் அநேகர் குணமானார்கள். அதே எபேசு ஊரானாகிய துரோப்பீமுவை அவர் மிலேத்துவில் வியாதியோடு விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. துரோப்பீமுவுக்கு விசுவாசம் இல்லை என்று பவுல் எழுதவில்லை. யாக்கோபு 5-ன்படி மூப்பர் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும், அதே இரவு நோயாளி மாத்திரையும் போடட்டும். குணமாகிவிட்டது என்று நம்பினால் டாக்டரிடம் போய்ப் பரிசோதித்து, அவர் சொன்ன பிறகு நிறுத்தலாம்.

உபவாசமும் அப்படித்தான். லெந்து நாட்களில், சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை 46 நாளில் ஆறு ஞாயிறு கழித்து 40 நாள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் டாக்டரைக் கேட்காமல் வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது. கை நடுங்கி, வியர்த்து, சர்க்கரை 70-க்குக் கீழே போனால் உபவாசம் அங்கேயே முடிந்தது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அதனால் கடவுள் கோபிக்கமாட்டார். ஏசாயா 58-ல் அவர் கேட்கும் உபவாசம், பசித்தவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுப்பது. ஒருவேளைச் சாப்பாட்டுக் காசை எடுத்துவைத்து ஒருவருக்குச் சாப்பாடு வாங்கித் தருவதை நோயாளியும் செய்யலாம்.

பணத்துக்கு வருவோம். மல்கியா 3:10-ஐக் காட்டித் தசமபாகம் கேட்பவர்கள் உபாகமம் 14:28, 29-ஐ வாசிப்பதில்லை. மூன்றாம் வருஷத்துப் பத்தில் ஒரு பங்கு ஆலய ஊழியம் செய்யும் லேவியனுக்கும், அந்நியனாகிய பரதேசிக்கும், திக்கற்ற பிள்ளைக்கும், விதவைக்கும் போய்ச் சேர வேண்டும், அவர்கள் சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும் என்கிறது அந்த இடம். விதைத்தால் நூறத்தனை என்று சொல்லி நகையை அடகு வைக்கத் தூண்டும் காணிக்கைக்கு அங்கே இடமில்லை. மாற்கு 7-ல், பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கொர்பான் என்று சொல்லிக் காணிக்கையாக்கியவர்களை இயேசு நேரடியாகக் கண்டித்தார். அம்மாவின் மாத்திரைச் செலவை நிறுத்திவிட்டுக் கூட்டத்தில் போடும் ஆயிரம் ரூபாயை அவர் எப்படிப் பார்ப்பார் என்பதற்கு அந்த அதிகாரமே பதில்.

சம்பளம் வந்த அன்று, வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்து, கடன் தவணை எடுத்துவைத்த பிறகு, வீட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து தொகையைத் தீர்மானியுங்கள். இசை உச்சத்தில் இருக்கும் கூட்டத்தில் தீர்மானிக்க வேண்டாம். இரண்டாம் கொரிந்தியர் 9:7 மனதில் நியமித்தபடி என்றுதான் சொல்கிறது, கட்டாயமாய் அல்ல என்றும் சேர்த்துச் சொல்கிறது. ரசீது கேளுங்கள். ஆண்டுக் கணக்கைச் சபையார் முன் வாசிக்காத இடத்தில் பெரிய தொகை கொடுக்காதீர்கள். கணக்குக் கேட்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், அதே நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தைக் காட்டுங்கள். காணிக்கையை எடுத்துப்போகும்போது யாரும் குற்றம் சொல்ல இடமிருக்கக் கூடாதென்று பவுல் வேறு ஆட்களையும் கூட அனுப்பினார்.

மற்றவை சுருக்கமாக. கிறிஸ்தவர்களுக்கு மூன்று கடவுள் என்று பக்கத்து வீட்டார் நினைப்பதற்கு நம் ஓய்வுநாள் பள்ளி உதாரணங்களும் ஒரு காரணம். தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று சொல்லிக்கொடுப்பது தவறான பாடம். ஒரே தண்ணீர் ஒரே நேரத்தில் மூன்றாகவும் இருக்காது, ஒன்றன்பின் ஒன்றாக மாறும். மத்தேயு 3-ல் குமாரன் ஆற்றிலிருந்து கரையேறுகிறார், ஆவியானவர் இறங்குகிறார், பிதாவின் குரல் கேட்கிறது, எல்லாம் ஒரே வேளையில். 325-ல் நிசேயாவிலும் 381-ல் கான்ஸ்டான்டினோப்பிளிலும் சபை வகுத்த விசுவாசப்பிரமாணம், ஒரே தேவன் என்று தொடங்கித்தான் பிதா, குமாரன், ஆவியைப் பேசுகிறது. பிள்ளைகளுக்கு உதாரணத்தைவிட அந்தக் காட்சியை வாசித்துக் காட்டுவது நல்லது.

ஆகஸ்டு 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோவிலில் கூடும் கூட்டத்தைப் பார்த்து, கத்தோலிக்கர் மரியாவைக் கடவுளாக வணங்குகிறார்கள் என்று நம் சபைகளிலேயே சொல்கிறார்கள். மங்கள வார்த்தை ஜெபம் மரியாவிடம் கேட்பது, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்பதே. ஆராதனை கடவுளுக்கு மட்டும் என்று 787-ல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கமே பிரித்துச் சொல்லிவிட்டது. அவர்களோடு கருத்து வேறுபடலாம், ஆனால் அவர்கள் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்லக் கூடாது.

இது வெள்ளைக்காரன் மதம் என்பவர்களைப் பரங்கிமலைக்கு அழைத்துப் போங்கள். பகலவி என்ற பழைய பாரசீக எழுத்துப் பொறித்த கற்சிலுவை அங்கே இருக்கிறது, போர்ச்சுக்கீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டு முந்தியது. கி.பி. 52-ல் தோமா வந்தார் என்பது மரபு. மரபை மரபு என்றே சொல்லுங்கள், கல்லைக் கல்லாகவே காட்டுங்கள். திருமுழுக்குப் பெற்றால் பெயரை மாற்ற வேண்டும் என்பதும் கட்டளை அல்ல. அப்பொல்லோ என்ற போதகரின் பெயர் கிரேக்கத் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தது. பவுல் அவரை அந்தப் பெயரால்தான் அழைத்தார். முருகேசன் முருகேசனாகவே திருவிருந்துக்கு வரலாம்.

கடைசியாக, சந்தேகம். வாலிபர் கூட்டத்தில் கேள்வி கேட்கும் பிள்ளையை, உனக்குள்ள அவிசுவாச ஆவி இருக்கு என்று அடக்குவது நம்மிடம் உள்ள பெரிய தவறு. அப்படி அடக்கப்பட்ட பிள்ளை கேள்வியை விடுவதில்லை, சபையைத்தான் விடுகிறது. சாந்தோம் என்று இந்த ஊரின் ஒரு பகுதியே யார் பெயரால் இருக்கிறதோ, அவரே கேள்வி கேட்டவர். யோவான் 20-ல் மற்றச் சீஷர்கள் சொன்னதைத் தோமா நம்பவில்லை. எட்டு நாள் கழித்தும் அவர் அதே வீட்டில், அவர்களோடுதான் இருந்தார். யாரும் அவரை வெளியே அனுப்பவில்லை. அதற்கு முன் 11-ஆம் அதிகாரத்தில், இயேசு ஆபத்தான யூதேயாவுக்குத் திரும்பியபோது, அவரோடு மரிக்க நாமும் போவோம் வாருங்கள் என்று சொன்னதும் இதே தோமாதான்.

வாலிபர் கூட்டத்தில் ஒரு நோட்டு வையுங்கள். கேள்வியைப் பெயரில்லாமல் எழுதட்டும். ஒரு வாரத்துக்கு ஒரு கேள்வி மட்டும் எடுங்கள், இரண்டு எடுத்தால் இரண்டுமே அரைகுறையாகும். பதில் தெரியாவிட்டால், தெரியலப்பா, அடுத்த ஞாயிறு நம்ம சபை ஐயரைக் கேட்டுட்டு வரேன் என்று சொல்லி, அப்படியே செய்யுங்கள். எதுவரைக்கும் கர்த்தாவே என்று கேட்கும் சங்கீதம் 13-ஐயும், இருளிலேயே முடிந்துவிடும் 88-ஐயும் அவர்களோடு வாசியுங்கள். 88-க்கு ஆறுதலான முடிவு ஒன்றை நீங்களாகச் சேர்க்காதீர்கள். முதன்முதலாக வேதத்தைத் திறப்பவருக்கு, அவர் எந்த நம்பிக்கையினராக இருந்தாலும், மாற்கைக் கொடுங்கள். 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று என்று வைத்தால் இரண்டு வாரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஒன்பதாம் அதிகாரத்தில் நோயுற்ற மகனோடு வந்த தகப்பன், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவும் என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்வான். அதற்குமேல் அவனுக்கு நிபந்தனை எதுவும் வைக்காமல் இயேசு பையனைச் சுகமாக்கினார். அந்த அதிகாரம் வரும் வாரத்தில் நோட்டை மூடிவிட்டு அதையே பேசுங்கள்.